பூண்: கற்க ஆள் வராத ஓர் அறிவு குறித்து

கத்தி என்று எழுதியதும் நம் நண்பர்களுக்கு வெட்டுத்தான் நினைவுக்கு வரும். வராமல் எப்படி இருக்கும்? 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இன்னும் சிலரும் பஸ்ஸில் வரும்போது பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரிவாளை அதன் வாய்ப்பக்கமாகவே பார்த்துப் பழக்கப்படுத்தப்பட்ட சனம் நாம். ஆனால் அதே சனத்தின் கையில்தான் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஏதாவது ஒரு கத்தி இருந்திருக்கிறது. தோல் சீவ, கதிர் அறுக்க, பனைமட்டை கழிக்க, கரும்பு வெட்ட. அந்தக் கத்தியை நாம் பிடித்த பக்கத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தப் பக்கத்தில், இரும்பும் மரமும் சேருகிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு ஒரு உலோகத் துண்டு இருக்கும். நம்ம ஊரில் பூண் என்போம். வெளிநாட்டுக் கத்திகளில் இதே வேலையைச் செய்கிற துண்டுக்கு போல்ஸ்டர் என்று பெயர். இந்தச் சின்னத் துண்டை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கேள்வியைக் கேட்கப் பார்க்கிறேன். இழிவின் காரணமாக ஒருவனுக்குக் கைவந்த திறமைக்கு என்ன மதிப்பு? அதைக் கொண்டாடுவதா, தூக்கி எறிவதா?

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பொருளைப் பார்க்காமல் உழைப்பைப் பற்றிப் பேசுகிற கட்டுரைகள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

பூண் இல்லாமலும் கத்தி வெட்டும். கூர்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரும்பின் வால்பகுதி பிடிக்குள் இறங்குகிற இடத்தில்தான் ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியும் வந்து மோதுகிறது. அந்த இடத்தில் வளையம் போட்டு இறுக்காவிட்டால் மரம் நரம்புவாக்கில் பிளந்துவிடும். தண்ணீர், ரத்தம், உப்பு எல்லாம் அந்தச் சந்துக்குள் இறங்கி உள்ளேயே துருப்பிடிக்கும். பூணின் வேலை இதுதான்: பிளவாமல் பிடித்துக்கொள்வது, சந்தை அடைப்பது, விரல் முன்னால் வழுக்கிவிடாமல் ஒரு எல்லை காட்டுவது. நம்ம ஊர்ப் பூண் ஒரு வளையம். மேலைநாட்டுப் போல்ஸ்டர் பலவிதம். சிலதில் அலகோடு சேர்த்தே உலையில் அடித்து எடுப்பார்கள். சிலதில் தகடு போன்ற இரும்பின் இரண்டு பக்கமும் இரண்டு கட்டிகளை வைத்து ரிவிட் அடிப்பார்கள். பித்தளை, எவர்சில்வர், இல்லையென்றால் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர்; அதில் வெள்ளி ஒரு குண்டுமணிகூடக் கிடையாது, தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும்தான்.

ரிவிட் அடிக்கிற வகையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இரண்டு கட்டிகளின் உட்பக்கமும் மட்டமாக இருக்க வேண்டும். கண்ணுக்கு மட்டமாகத் தெரிவது போதாது. தடித்த கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை ஒட்டி, கட்டியின் முகத்தில் மையைப் பூசித் தேய்க்கிறார்கள். மேடான இடத்தில் மை போய்விடும், பள்ளத்தில் நின்றுவிடும். மை முழுக்க ஒரே சீராகப் போகிறவரை தேய்ப்புத்தான். பிறகு அலகையும் இரண்டு கட்டிகளையும் சேர்த்துத் துளை. துளையின் வெளிவாயைக் கொஞ்சம் அகலப்படுத்தி விடுவார்கள். ஆணியும் கட்டியும் ஒரே உலோகமாக இருக்க வேண்டும். சுத்தியலால் ஆணியின் தலையைப் பதமாகத் தட்டத் தட்ட அது பரவி அந்த அகன்ற வாயை நிரப்பிக்கொள்ளும். மேலே துருத்திக்கொண்டிருப்பதை அரத்தால் ராவி உப்புத்தாள் போட்டால் ஆணி எங்கே இருந்தது என்பதே தெரியாது. தெரிந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

இதில் ஒரு விஷயம் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. கட்டியின் முன்முகம், அதாவது அலகின் வாயைப் பார்க்கிற பக்கம், ரிவிட் அடிப்பதற்கு முன்னாலேயே முழுசாக மெருகேற்றி முடிக்கப்பட வேண்டும். ரிவிட் அடித்த பிறகு அங்கே அரமும் போகாது, உப்புத்தாளும் போகாது. போனால் அலகில் கீறல் விழும். ஆகவே வேலை பாதியில் இருக்கும்போதே, மற்றதெல்லாம் கரடுமுரடாகக் கிடக்கும்போதே, அந்த ஒரு முகத்தை மட்டும் கடைசி வேலைபோலச் செய்து முடித்துவிட வேண்டும். பின்முகமோ மரப்பிடியோடு ஒட்டுகிற இடம். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் மயிரிழை வெளிச்சம்கூட வரக்கூடாது. அவசரப்பட்டு மெஷினில் கொடுத்தால் பித்தளை சூட்டை வாங்கி நேரே பிடிக்குள் கடத்திவிடும். பசை இளகும், கொம்புப் பிடியாக இருந்தால் கருகும். கை பொறுக்கிற சூட்டில் நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டிய வேலை.

கைத்தொழிலைப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கண்கலங்குவார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை நாம் ஒப்புக்கொண்டுவிடலாம். வெளிச்சம் வருகிறதா வரவில்லையா என்பதில் சாதி வேலை செய்யாது. ஊர்க்கவுண்டர் வந்து நின்று "சந்து இல்லை" என்று சொன்னாலும் இருக்கிற சந்து இருக்கத்தான் செய்யும். சாட்சிக்கு ஆள் பிடிக்க முடியாது, பஞ்சாயத்து வைக்க முடியாது. பொய்யும் புரட்டும் நிறைந்த ஒரு சமூகத்தில் இப்படி ஒரு தராசு இருப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த ஒட்டை ஒட்டியவனின் கையைப் பார்க்கிறவர்கள் அவன் நுரையீரலைப் பார்ப்பதில்லை. அவன் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்பதில்லை.

நுரையீரல் என்று சும்மா சொல்லவில்லை. கத்திக்கு உலகப்பெயர் வாங்கிய ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. 1624-இலேயே அங்கே கத்தி செய்கிறவர்களுக்குச் சட்டப்படி ஒரு சங்கம் அமைந்துவிட்டது. யார் என்ன முத்திரை குத்தலாம், யார் யாரைத் தொழில் பழக வைத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் அது கட்டுப்படுத்தியது. கத்தியின்மேல் இருப்பது முதலாளியின் முத்திரை. அலகையும் போல்ஸ்டரையும் சாணைக்கல்லில் குனிந்து தேய்த்தவனுக்கு முத்திரை கிடையாது, நெஞ்சுக்குள் கல்தூசுதான். 1845-இல் வெளியான இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில் எங்கெல்ஸ் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஈரக்கல்லில் தேய்த்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்தார்கள். உலர்கல்லில் முள்கரண்டி தேய்த்தவர்கள் முப்பது வயதைத் தாண்டுவதே அரிது. அதில் இன்னொரு செய்தி உண்டு. தூசை உறிஞ்சி வெளியேற்றுகிற ஏற்பாட்டைத் தொழிலாளர்களே சில இடங்களில் உடைத்துப் போட்டார்களாம். உயிருக்குப் பயமில்லை என்று ஆகிவிட்டால் ஆட்கள் கூடுதலாக வந்துவிடுவார்கள், கூலி இறங்கிவிடும் என்ற பயம். சாவுதான் கூலியைக் காப்பாற்றி வைத்திருந்தது! முதலாளித்துவம் ஒரு மனிதனின் யோசனையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட ஒரு உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் மார்க்சிய நண்பர்கள் இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றல்ல. ஷெஃபீல்டில் கத்தித் தொழிலுக்குக் கதவு இருந்தது, அதைச் சங்கம் காவல் காத்தது. 1814-இல் ஒரு சட்டம் வந்து யார் வேண்டுமானாலும் அந்தத் தொழிலைச் செய்யலாம் என்று திறந்துவிட்டது. சாணைக்காரன் சாவைக் காட்டித் தன் வேலையைக் காப்பாற்ற நினைத்தான் என்றால், அந்த வேலைக்குப் போட்டி போட வெளியே ஆள் இருந்தான் என்று அர்த்தம். செத்த மாட்டைத் தூக்கவும் தோல் உரிக்கவும் நம் ஊரில் யாராவது போட்டிக்கு வந்தார்களா? அங்கே பிரச்சினை உள்ளே நுழைவது. இங்கே பிரச்சினை வெளியேறுவது. 'சாதி ஒழிப்பு' நூலில் 1936-இல் அம்பேத்கர் சுட்டிக்காட்டியது இதைத்தான்: சாதி என்பது வேலையைப் பிரிக்கிற ஏற்பாடு மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து அடைக்கிற ஏற்பாடு.

இனி எங்கள் வீட்டுக் கத்திக்கு வருகிறேன். அதில்லாமல் இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது.

அப்பா கொங்குப் பக்கத்தில் தோல்வேலை செய்தவர். செருப்பு, மாட்டுக்குத் தும்புவார், கவலை இறைத்த காலத்தில் சாலுக்குத் தோல் தும்பி தைப்பது. மின்சார மோட்டார் வந்து கவலை நின்ற பிறகு செருப்பு மட்டும். அவருடைய தோல்கத்தி தேய்ந்துபோனாலோ அலகு ஒடிந்தாலோ கொல்லப்பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஆசாரி கையில் வாங்கமாட்டார். "அங்க வெச்சுட்டுத் தள்ளி நில்லுடா" என்பார். அப்பாவைவிட வயதில் சின்னவர். தரையில் வைத்த கத்தியைக் குறட்டால் எடுத்து நேரே உலையில் போடுவார். நெருப்பில் போட்டுவிட்டால் தீட்டு போய்விடுமாம். இரும்புக்கு அந்த வசதி இருக்கிறது: எத்தனை சக்கிலியன் தொட்டாலும் ஒரு தடவை சிவந்துவிட்டால் சுத்தம்.

பிடிக்கு அந்த வசதி இல்லை. கருவேலம் பிடி, வருஷக்கணக்காக வேர்வையும் தோல் நெய்யும் ஊறிக் கறுத்துக் கிடக்கும். உலையில் போட்டால் எரிந்துவிடும், போடாமல் தொட்டால் தீட்டு. ஆகவே ஆசாரி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்: அலகைக் கழற்றிக் கொண்டுவந்தால் அடித்துத் தருவேன், பிடி போடுவதும் பூண் மாட்டுவதும் உன் பாடு. மற்ற சாதிக்காரர் கத்திகளுக்கெல்லாம் பூண் மாட்டி, ராவி, எண்ணெய் தடவித் தருகிற அதே பட்டறை எங்கள் கத்தியை மொட்டை வாலோடு திருப்பிக் கொடுக்கும். தீண்டாமை எங்கே இருக்கிறது என்று ஆராய்ச்சி மாணவர்கள் டீக்கடையிலும் கோவில் வாசலிலும் தேடுகிறார்கள். எங்கள் கத்தியில் அது சரியாகப் பூண் உட்கார வேண்டிய இடத்தில் இருந்தது. அலகு முடிகிற கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆசாரி வரமாட்டார்.

அப்படித்தான் அப்பா பூண் மாட்டக் கற்றுக்கொண்டார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பட்டறைக்குத் தள்ளி நின்று பார்த்ததும், கெடுத்துக் கெடுத்துச் செய்து பார்த்ததும்தான் படிப்பு. பழைய பித்தளைக் குழாயை ஹாக்ஸா பிளேடால் ஒரு விரல் அகலத்துக்கு அறுப்பார். அடுப்பில் மங்கலாகச் சிவக்கிறவரை காய்ச்சித் தண்ணீரில் போடுவார். இரும்பு இப்படிச் செய்தால் முறுக்கேறும். பித்தளை இளகிக் கொடுக்கும். இது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பிடியின் முனையை வளையத்தைவிட நூல் அளவு தடிமனாகச் சீவி, வளையத்தைத் தட்டித் தட்டி ஏற்றுவார். அதன்பிறகுதான் நடுவில் துளை போட்டு, கத்தியின் வாலைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்குவார். புகையும், மரம் கருகுகிற வாசமும் வரும். இளகிய அரக்கை ஊற்றிச் சந்தை அடைத்துவிட்டு, கடைசியில் வளையத்தைச் சுற்றி நாலு இடத்தில் குத்தூசியால் சின்னக் குழி அடிப்பார், நழுவாமல் இருக்க.

எல்லாவற்றையும் கோடையில்தான் செய்வார். மழைக்காலத்தில் யாராவது கேட்டால், "இப்ப வேண்டாங்க, மரம் தண்ணி குடிச்சிருக்குது. இப்பப் போட்டா சித்திரையில பூணு கழண்டு கையோட வந்துரும். காஞ்ச மரத்துல போட்டா மழைக்கு மரம் ஊறி அதுவே இறுக்கிப் புடிச்சுக்கும்" என்பார். கேட்டவர்கள் எங்கள் தெருக்காரர்கள் மட்டும்தான். எங்கள் தெருவில் இருந்த அத்தனை கத்திக்கும் பூண் அப்பாதான். கூலி வாங்கியதில்லை, புளியோ ஒரு படி சோளமோ வரும். செங்கல் பொடியும் எண்ணெயும் போட்டுத் தேய்த்து, கடைசியில் புளிபோட்டுத் துலக்கினால் பூண் பளீரென்று இருக்கும். தோல்கத்திக்கு எதற்கு இந்தப் பளபளப்பு என்று அம்மா திட்டும்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்தத் திறமை யாருடையது? ஆசாரியின் வெறுப்பு இல்லையென்றால் அப்பாவுக்கு இது வந்திருக்காது. அப்படியானால் தீண்டாமைக்கு நன்றி சொல்வதா? அபத்தமாகத் தெரியும். ஆனால் இந்த அபத்தத்தை நாசூக்கான மொழியில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒடுக்குமுறை ஒரு 'வளமான பண்பாட்டை' உருவாக்கிக் கொடுத்தது என்று கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன்.

1936-ஆம் வருஷத்தைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளுங்கள். 'சாதி ஒழிப்பு' வெளியான அதே வருஷம். காந்தி அதற்குப் பதிலாக ஹரிஜன் இதழில் எழுதியபோது, முன்னோர் தொழிலைச் செய்து பிழைப்பதே வருணத்தின் நியதி, தோட்டியின் வேலையும் பிராமணனின் வேலையும் கடவுள் முன்னால் சமம் என்ற வாதத்தை வைத்தார். அதே வருஷம் நவம்பரில் ஒரு இலட்சியத் தோட்டி எப்படி இருக்க வேண்டும் என்றும் எழுதினார். கடவுள் முன்னால் சமம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆசாரி முன்னால் சமமா என்பதுதான் கேள்வி. அம்பேத்கரோ 1927-இல் மகாத்தில், செத்த மாட்டின் கறியையும் எச்சில் சோற்றையும் விட்டொழியுங்கள் என்று நம் சனத்திடம் சொன்னார். அதன் அடியொற்றி எத்தனையோ ஊர்களில் நம்மவர்கள் கத்தியையும் தப்பட்டையையும் கீழே போட்டார்கள், அடி வாங்கினார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள். அந்தக் கீழே போடுதல் சரியானது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மறுக்கிற உரிமை இல்லாதவன் செய்கிற வேலையை, அது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், புகழ்கிற உரிமை மற்றவனுக்குக் கிடையாது.

பிறகு மூன்றாவதாக ஒரு வழி வந்தது. கீழே போட்டதை நாமே நம் விருப்பப்படி எடுத்துக்கொள்வது. 1990-களில் பறையை விடுதலையின் இசை என்று மேடையேற்றினோம். எனக்கும் அதில் சந்தோஷம் உண்டு, ஆடியும் இருக்கிறேன். ஆனாலும் ஒரு உறுத்தல். மேடையில் ஏற்றக்கூடியதை மீட்டெடுக்கிறோம். பறைக்குத் தோல் பதப்படுத்துகிறவனை யார் மேடையேற்றினார்கள்? ஊறவைத்த தோலின் நாற்றத்துக்கு எந்தக் கலை இரவில் இடம் இருக்கிறது?

அப்பாவிடமே ஒருமுறை கேட்டேன், கல்லூரியில் படிக்கிற திமிரோடு: "தோல் வேலையில உங்களுக்கு மனசு இருந்துதாப்பா?" ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தோலு வவுத்துக்கு. அதுல என்ன மனசு. பூணு போடறப்பதான் யாரும் என்னய ஏவல" என்றார்.

இதை நான் பலகாலம் ஒரு நல்ல வசனமாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதில் ஒரு வாதம் இருக்கிறது. அம்பேத்கர் சாதியைப் பொருளாதார ரீதியாகவும் தாக்குகிறார்: மனமும் அறிவும் ஈடுபடாத வேலையில் என்ன திறமை வளரும் என்று கேட்கிறார். அப்பாவின் கையில் திறமை வளர்ந்தது எந்த வேலையில்? சாதி அவருக்கு விதித்த வேலையில் அல்ல. தோல்வேலையில் அவர் சுமாரானவர்தான், அம்மாவே சொல்லும். சாதி அட்டவணையில் பூண் மாட்டுதல் சக்கிலியன் வேலை கிடையாது, ஆசாரி வேலை. அதை ஆசாரி எங்களுக்கு மட்டும் மறுத்ததால் அது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வேலையாக எங்கள் வாசலில் வந்து விழுந்தது. அங்கேதான் அவர் மனசு போனது. ஆகவே இந்தத் திறமையை இழிவு கொடுத்தது என்று சொல்வது சரியல்ல. இழிவு கொடுத்தது மொட்டைக் கத்தி மட்டும்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் செய்தது. வெள்ளத்தில் நீச்சல் கற்றவனைப் பார்த்து வெள்ளம் நல்ல வாத்தியார் என்று சொல்வார்களா?

சரி, திறமை அவருடையது. அதோடு விஷயம் முடிந்ததா? எனக்கு இன்னொன்று உறுத்துகிறது, இதைத்தான் நண்பர்கள் விவாதிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தது ஒரு அறிவு. காய்ந்த மரம், ஈர மரம், பித்தளையின் குணம், அரக்கின் பதம். அந்த அறிவைக் கற்றுக்கொள்ள அவரிடம் யாரும் வரவில்லை. நான் கற்கவில்லை, படிக்கப் போ என்று அவரே விரட்டினார், விரட்டியது சரி. எங்கள் தெருவுக்கு வெளியே இருந்து ஒருத்தன், ஒரு கவுண்டர் வீட்டுப் பையனோ ஆசாரி வீட்டுப் பையனோ, "எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்று வந்து அவர் முன்னால் உட்கார்ந்திருப்பானா? கற்பதென்றால் கற்பிக்கிறவனைவிடக் கொஞ்சம் கீழே உட்கார வேண்டும், அவன் தொட்ட பொருளைத் தொட வேண்டும், தப்பாகச் செய்தால் அவன் வாயால் திட்டு வாங்க வேண்டும். உழைப்பைப் போற்றுகிறேன் என்கிறவனை நான் இந்த ஒரு கேள்வியால்தான் சோதிப்பேன்: போற்றுவது இருக்கட்டும், யாரிடம் போய் நீ கற்றுக்கொண்டாய்? செருப்புத் தைப்பவரை மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவது சுலபம். உன் பிள்ளையை அவரிடம் ஆறு மாசம் விடு பார்க்கலாம்.

அரசாங்கங்களின் திட்டங்களையும் இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம். 1953-இல் ராஜாஜி பள்ளிநேரத்தைக் குறைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். 1954-இல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பர் 17-இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. கொல்லர், தச்சர், செருப்புத் தைப்பவர், சலவை செய்பவர் என 18 தொழில்கள். கருவிகள் வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன், குறைந்தபட்ச வயது 18. குரு-சிஷ்ய பரம்பரையையும் குடும்பவழித் தொழிலையும் வலுப்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. அதன் இப்போதைய வடிவத்தில் செயல்படுத்தமாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழ்நாட்டு முதல்வர் கடிதம் எழுதினார். 2025-இல் மாநில அரசு 25 தொழில்களுக்கு, வயதை 35-க்கு மேல் வைத்து, குடும்பத்தொழில் என்ற நிபந்தனை இல்லாமல் தனித்திட்டம் கொண்டுவந்தது. பதினெட்டு வயசுப் பிள்ளையைக் கல்லூரி வாசலிலிருந்து பட்டறைக்கு இழுக்காமல் இருப்பது நல்லதுதான். 'குரு-சிஷ்யன்' என்ற அந்த வார்த்தையைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. செருப்புத் தைக்கிற குருவுக்கு அக்ரகாரத்திலிருந்து எத்தனை சிஷ்யர்கள் வந்தார்கள்? குருவும் சிஷ்யனும் அப்பனும் மகனுமாகவே இருந்தால் அதற்குப் பெயர் வேறு. கைக்காசைக் கொடுத்து, கருவியைக் கொடுத்து, கதவை மட்டும் வெளியே தாழ் போட்டுவிடுகிறார்கள்.

கற்பிக்கிறவன் சாதியைப் பாராமல் கற்கிற இடம் எதுவுமே இல்லையா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து குறையோடு ஒன்று இருக்கிறது: ஐ.டி.ஐ. ரொமான்டிக்காகப் பேசுகிறவர்களுக்கு அது பிடிக்காது. யூனிபாரம், வருகைப் பதிவு, மதிப்பெண் என்று உலர்ந்த இடம். ஆனால் ஃபிட்டர் டிரேடில் சேர்கிற பையன் எந்தச் சாதியாக இருந்தாலும் முதலில் இரும்புக் கட்டியை வைஸில் கட்டி அரம் பிடித்து ராவித்தான் ஆக வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார்கள். போல்ஸ்டர் செய்கிறவன் பார்க்கிற அதே வெளிச்சம்.

என் பெரியப்பா மகன் அப்படி ஒரு ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சின்ன வயதில் அப்பா பூண் போடுவதைத் தெருவில் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர். "அரம் பிடிக்கறத வாயில சொல்ல முடியாது தம்பி. பையன் கைமேல நம்ம கைய வெச்சு ரெண்டு தடவ தள்ளிக் காட்டோணும். அப்பத்தான் பாரம் எங்க வெக்கறதுன்னு தெரியும்" என்பார். 1980-களில் ஒரு வருஷம், நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பையன் ஒருத்தன், இவர் கை வைத்ததும் கையை இழுத்துக்கொண்டானாம். இவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரமாக அவன் கட்டி மூலைமட்டத்தில் நிற்கவே இல்லை. ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் வெளிச்சம். கடைசியில் அவனே வந்து, "சார், புடிச்சுக் காட்டுங்க சார்" என்றானாம்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர் உற்சாகமாகி, பார்த்தீர்களா வேலை சாதியை வென்றுவிட்டது என்றார். அண்ணன் சிரித்தார். "அவனுக்கு மார்க் வேணும்" என்றார். ஆனாலும் அந்தப் பையன் நன்றாகக் கற்றுக்கொண்டான் என்பதையும் அவரே சொன்னார். பின்னாளில் அவன் லேத் பட்டறை வைத்து நன்றாக வந்தான், சந்தேகம் வந்தால் டவுனில் இவரைத் தேடிவந்து கேட்பான், நாலு பேர் முன்னால் சார் என்றுதான் கூப்பிடுவான். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

"போனீங்களா அண்ணா?"

"போனேன். மண்டபம் இல்ல, ஊருக்குள்ள அவங்க வீட்டு வாசல்ல பந்தல். மாப்பிள்ளை எந்திரிச்சு வந்து வாங்க சார்னு கும்பிட்டான். அவங்க அப்பன் பாத்துட்டே இருந்தாரு. மொய் எழுதீட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லீட்டு வந்துட்டேன்."